ரெஸ்யூமுக்கு முன்னால் ஒரு ரஃப் நோட்டு

கடைசி செமஸ்டர் வந்ததும் பலரும் முதலில் செய்வது, சீனியரின் ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுவதுதான். 'ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர்' வரை அப்படியே இறங்கிவிடும். அதைக் கொஞ்சம் தள்ளி வை, தங்கச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஃப் நோட்டோடு உட்கார். இன்றைக்கே, ஒருத்தர் எதிரில் இருக்கும்போது, உன்னால் எதைச் செய்துகாட்ட முடியும் என்பதுதான் கேள்வி. பி.காம். முடிப்பவளுக்குச் சொல்வதாக எழுதுகிறேன். வேறு பாடம் என்றால் உதாரணத்தை மாற்றிக்கொள்.

1. 'தெரியும்' என்றால் செய்து பார்

எக்ஸெல் தெரியுமா? 200 பில் உள்ள ஒரு ஷீட்டை எடுத்துக்கொள். தேதி, வாடிக்கையாளர், தொகை இருக்கட்டும். 18% ஜி.எஸ்.டி.யைத் தனி நெடுவரிசையில் போடு. எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு விற்றிருக்கிறது என்று பிவட் டேபிளில் எடு. யூடியூப் பார்க்காமல் கால் மணி நேரத்தில் முடித்தால் 'தெரியும்'. பார்த்துப் பார்த்து முடித்தால் 'கற்றுக்கொண்டிருக்கிறேன்'. வரவே இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடு. டாலிக்கும் இதே சோதனைதான்: பேங்க் ரீகன்சிலியேஷன் தனியாகச் செய்ய வருகிறதா? டைப்ரைட்டிங்கில் லோயரோ ஹையரோ பாஸ் என்றால் மறக்காமல் குறித்துக்கொள்.

2. சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான்

அம்மாவின் மகளிர் குழுவுக்கு வரவு செலவு நோட்டு எழுதியிருப்பாய். கடையில் அப்பா இல்லாத நேரத்தில் பாக்கி வசூலித்திருப்பாய். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுது: என்ன சிக்கல் வந்தது, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆனது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

3. உன் பேச்சை நீயே கேள்

போனில் 2 நிமிஷம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய். மனப்பாடம் வேண்டாம், நேற்று என்ன செய்தாய் என்று சொன்னால் போதும். எங்கே திணறுகிறாய் என்று குறித்துக்கொள். பேச்சு இன்னும் வரவில்லை என்றால், பி.பி.ஓ.வில் வாய்ஸ் வேலைக்கு இப்போதே ஓடாதே. நான்-வாய்ஸ், அக்கவுன்ட்ஸ் பக்கம் தொடங்கு.

4. சர்டிஃபிகேட்டைப் பரப்பி வை

பல கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60% கேட்கும். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள். உன்னுடையது எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற இடங்களைக் குறி. கூடவே பெயரையும் சரிபார். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் வேறு ஸ்பெல்லிங் என்று இருந்தால், சேரும் நாளில் அலைச்சல். இப்போதே திருத்திவிடு.

5. கைக்கு வரும் காசைக் கணக்குப் போடு

சி.டி.சி., அதாவது கம்பெனி உனக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 2,40,000 என்றால் மாதம் 20,000 என்று நினைக்காதே. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள். பி.எஃப்.-இல் உன் பங்கு 12%, அதாவது 1,200. கம்பெனி பங்கு 1,200-ஐயும் பெரும்பாலும் சி.டி.சி.க்குள்ளேயே காட்டுவார்கள். சம்பளம் 21,000-க்குள் என்பதால் இ.எஸ்.ஐ.க்கு 0.75% பிடிப்பார்கள். கைக்கு 17,500-க்கும் கீழேதான் வரும். பி.எஃப். உன் சேமிப்புதான், ஆனால் இந்த மாத ஹாஸ்டல் பில்லுக்கு அது உதவாது. வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் எழுதிக் கூட்டு. இதற்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது என்ற தொகை தெரிந்துவிடும்.

6. 'வீட்டில் விடமாட்டார்கள்' என்பதைப் பிரித்துப் பார்

வெளியூர், நைட் ஷிஃப்ட், ஃபீல்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு பதில் எழுது: உனக்குச் சம்மதமா, வீட்டுக்குச் சம்மதமா? உனக்கே வேண்டாம் என்றால் அதை ஒப்புக்கொள். அப்பா மேல் பழி போடாதே. வீட்டில்தான் தயக்கம் என்றால், தமிழக அரசின் தோழி விடுதி மாதிரி தங்குமிட விவரத்தோடு போய்ப் பேசு. வெறும் பிடிவாதத்தைவிட அது எடுபடும்.

7. டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒரு தேதி வை

படிப்பதானால் படி. குரூப் 4-க்குப் பத்தாவது போதும். முழுக்கத் தமிழ் வழியில் படித்திருந்தால் 20% முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. ஆனால் எந்த மாதம் வரை முழுநேரமாகப் படிப்பாய், அதன்பின் எந்த வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பாய் என்று இப்போதே எழுதிவை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறி.

இனி ரெஸ்யூமைத் திற. நோட்டில் தேறியதை மட்டும் ஏற்று. அரைப் பக்கம்தான் வந்ததா, இருக்கட்டும். எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் உன்னிடம் பதில் இருக்கும்.