அழியாத மையும் கரைதிறனும்

தேவராஜ மொஹல்லாவில் வாக்களித்துத் திரும்பும் ஒருவர் இடக்கை விரலிலுள்ள மையைச் சோப்பிட்டுத் தேய்க்கிறார், அது அகல்வதில்லை. நீரில் கரையும் பொருளால் ஆன மை நீருக்கு ஏன் அசைவதில்லை?

இம்மை மைசூருவிலேயே செய்யப்படுவது. 1937-ல் நிறுவப்பட்ட மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வகுத்த முறைப்படி இதனை ஆக்கி, 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் வழங்கி வருகிறது. இதன் முக்கியப் பொருள் வெள்ளி நைட்ரேட்டு.

25° சென்டிகிரேடு வெப்பநிலையில் 100 கிராம் நீரில் சமையலுப்பு சுமார் 36 கிராம் கரைந்ததும் கரைசல் தெவிட்டிவிடும். வெள்ளி நைட்ரேட்டோ 200 கிராமுக்கு மேலும் கரையும். ஆனால் வெள்ளிக் குளோரைடு ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 2 மில்லிகிராமே கரையும். வெள்ளி அயனி ஒன்றே. அது சேரும் துணை மாறக் கரைதிறனும் மாறுகிறது.

தோலிலுள்ள உப்போடு மை சேர, கரையாத வெள்ளிக் குளோரைடு உண்டாகிறது. ஒளி பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து கறுக்கின்றன. நகம் வளர்ந்து நீங்கும்வரை அக்கறை நிற்கும்.

இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். வாலைவடிநீரில் கரைத்த நீர்த்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலின் சில துளிகளை உப்புநீரில் விடுக. வெண்ணிற வீழ்படிவு தோன்றும். வெயிலில் வைத்தால் அது கருமை அடையும். கரைசல் கண்ணிலும் தோலிலும் படாதவாறு ஆசிரியரே கையாளுதல் வேண்டும்.

வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்லும் ஆசிரியர்கள் ஒன்றை நினைவிற்கொள்க: எண்ணெய் படிந்த விரலில் மை தோலைச் சென்றடையாது, உலருமுன் துடைத்தால் வினை நிறைவுறாது. விரலைத் துடைத்தபின் மையிட்டு, அது உலரும்வரை காத்திருப்பது வெறும் சடங்கன்று. வேதியியல் காட்டும் நெறியாகும்.