பட்டு விற்பவர் சொல்ல வேண்டியவை

முசரவாக்கம், காஞ்சிபுரம் பக்கம் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்கத் தொடங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயருக்கே 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பது. வேறு ஊரில் விசைத்தறியில் ஓட்டிய சேலைக்கு அந்தப் பெயரை வைப்பது நெசவாளர் கூலியில் கை வைப்பதுதான்.

ஜரிகை விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியது. செம்பு இழையிலும் பாலியெஸ்டர் இழையிலும் மலிவான வகைகள் உண்டு. அவற்றை விற்பது குற்றமல்ல, மறைப்பதே குற்றம். எந்த ஜரிகை என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். பில்லிலும் அது இருக்கட்டும்.

'சில்க் மார்க்' சீட்டு பட்டு தூயது என்பதற்கு மட்டுமே சாட்சி. அது கைத்தறிக்கோ ஜரிகைக்கோ உத்தரவாதம் அல்ல. கைத்தறிக்குத் தனி முத்திரை 2006 முதல் இருக்கிறது.

கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கப்பட்டவை. அந்த உழைப்புக்கான விலை வேறு. கோர்வை இல்லாததை அந்த விலைக்குத் தள்ளக் கூடாது.

அடுத்தவர் எடுத்த படத்தைப் போட வேண்டாம். காசோ இலவசச் சேலையோ வாங்கிக்கொண்டு ஒரு கடையைப் பாராட்டினால் அது விளம்பரம் என்று பதிவிலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.