கிணற்று நீரின் சாட்சியம்

கேள்வி: திண்டுக்கல் தோல் ஆலைகளுக்கு அருகில் வசிக்கிறோம், கிணற்று நீர் உவர்த்துவிட்டது. காரணத்தை நிரூபிப்பது எப்படி?

பதில்: தோல் கெடாதிருக்கத் தடவும் உப்பும் பதனிடச் சேர்க்கும் குரோமியமும் கழிவுநீரோடு மண்ணில் இறங்குவதையும், உப்பு பாறைப் பிளவுகளின் வழியே நெடுந்தூரம் சஞ்சரிப்பதையும் ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் இப்பிரதேசத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்களாதலால், தாங்கள் ஒரு குடம் நீரைச் சோதித்துத் திருப்தியடையாமல், ஆலைக்கு மேட்டுப்புறத்தும் பள்ளத்துப்புறத்தும் உள்ள கிணறுகளில், கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பின்னும் நீரெடுத்து ஒப்பிடுவதே உசிதம். குரோமியம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும்; நீரில் அது காணப்படவில்லை என்பதைக் கொண்டு ஆலையை நிரபராதியென்று விடுவித்துவிடலாகாது. தவிர, நிரூபிக்கும் பாரம் முழுவதும் தங்கள் தலையில் இல்லை: வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட், திண்டுக்கல்லையும் உட்படுத்தி, அப்பாரத்தைத் தொழில் நடத்துவோர்மீதே சுமத்தியிருக்கிறது.