எம்.ஜி.பி. மோட்டார் வண்டியும் அதனைப் பேணும் முறையும்

மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவை சில ஆண்டுகள் உழைத்தபின் பழைய இரும்புக் கடையைச் சென்று சேர்கின்றன. அவற்றைச் செய்த தொழிற்சாலைகளே ஆண்டுதோறும் புதிய வண்டிகளைக் காட்டிப் பழையவற்றை மறக்கச் செய்கின்றன. இவ்வுலகியல்புக்கு மாறாக, தன்னைச் செய்த தொழிற்சாலை 1980-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்ட போதிலும், இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்றுண்டு. எம்.ஜி.பி. என்பது அதன் பெயர். அதனை இந்நாள்வரை உயிரோடு வைத்திருப்பவர் யாவர்? தத்தம் வீட்டுக் கொட்டகைகளில் ஸ்பானரும் எண்ணெய்க் குப்பியும் கையிலேந்தி உழைக்கும் அதன் உடையவர்களே. அன்னோர் கைக்கொள்ள வேண்டிய முறை யாது, பழைய வண்டியில் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்க்கு இவ்வண்டி ஒரு சிறு பரிசோதனைச் சாலையை ஒக்கும். இதன் உறுப்புக்களுட் பெரும்பாலானவை கண்ணாற் கண்டு கையாற் கழற்றி அறியத்தக்கவை.

1. வரலாறு

ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவருக்கு உரியதாயிருந்த 'மாரிஸ் கராஜஸ்' என்னும் நிலையத்தின் முதலெழுத்துக்களே 'எம்.ஜி.' என்பன. 1922-இல் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்ற செசில் கிம்பர் என்பார், மாரிஸ் கம்பெனியின் சாதாரண வண்டிகளுக்கு இலேசான அழகிய உடல் அமைத்து விற்கலாயினார். 1929-இல் அத்தொழில் அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊருக்கு மாறிற்று. கிம்பர் 1945-இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் விபத்தில் உயிர் துறந்தார். அவர் தொடங்கிய மரபில் 1962-இல் வெளிவந்ததே எம்.ஜி.பி.

நான்கு சிலிண்டர்களும் 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அதன் யந்திரம் சுமார் 95 குதிரைசக்தி தந்தது. வண்டி மணிக்கு 100 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. கூரையற்ற வண்டியோடு, 1965 முதல் நிலையான கூரையுடைய ஜி.டி. என்னும் வகையும் விற்கப்பட்டது. 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. ஈண்டு நோக்கத்தக்க விசேஷம் ஒன்றுண்டு. இதன் யந்திரம் அரசர்க்கும் பிரபுக்களுக்கும் எனத் தனியே வகுக்கப்பட்டதன்று. ஆஸ்டின், மாரிஸ் என்னும் குடும்ப வண்டிகளில் உழைத்த யந்திரத்தின் இனத்தைச் சேர்ந்ததே. ஆதலின், எளிய கருவிகள் கொண்டு எளிய மனிதரும் இதனைச் செப்பனிடலாயிற்று. இதன் நீண்ட ஆயுளுக்கு இவ்வெளிமையே முதற் காரணம் எனலாம்.

2. முதற் கடமை: நிற்றல்

பழைய வண்டியை வாங்கிய இளைஞன் முதலில் விரும்புவது வேகம். அவன் கைப்பொருளும் அதன்மேலேயே செல்லும். இது தலைகீழான முறை. வண்டி முதலில் நிற்க வேண்டும். அதன்பின் ஓட வேண்டும். இவ்விரண்டும் செவ்வையாய் அமைந்த பின்னரே விரைய வேண்டும். இவ்வரிசையே இக்கலைக்கு உயிர்நாடி என்றறிக.

எம்.ஜி.பி.யின் முன் சக்கரங்களுக்கு வட்டத் தகட்டுப் பிரேக்கும், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் உண்டு. காலால் மிதிக்கும் விசை, குழாய்களில் அடைபட்ட திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கின்றது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எவ்விடத்தும் குறையாது பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதற்கு ஆதாரம். ஆனால் அத்திரவத்திற்கு ஒரு குறையுண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாய் உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். நீண்ட சரிவில் இறங்குங்கால் பிரேக்கில் எழும் வெப்பத்தால் அது கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்குதல் அரிது. ஆவியையோ எளிதிற் சுருக்கலாம். அப்பொழுது மிதித்த மிதி தரைவரை செல்லும், வண்டி நில்லாது. ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்திரவத்தை முற்றிலும் மாற்றுதல் வேண்டும். இங்கிலாந்தில் விற்ற தொடக்க கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்று இருந்தமையால், ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தாலும் கால் பிரேக்கு முழுவதும் பயனிழக்கும். கம்பியால் இழுக்கப்படும் கைப் பிரேக்கு ஒன்றே அப்பொழுது துணை. எனவே குழாய்களை வெடித்தபின் மாற்றுவதினும் வெடிக்குமுன் மாற்றுவதே அறிவுடைமை.

டயரின் தேய்மானத்தை மட்டும் நோக்கித் திருப்தியடைதல் கூடாது. குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேயுமுன்னரே ரப்பர் இறுகிக் கெட்டுவிடும். 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதலிரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன. டயரின் வயதை அவற்றால் அறிக. முன் சக்கரங்கள் திரும்புதற்கு ஆதாரமான இருசுகளுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை தவறாது கிரீஸ் இடுக.

இங்கிலாந்து அரசாங்கத்தார், பெருமாறுதல் பெறாத நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, ஆண்டுதோறும் நடைபெறும் கட்டாயப் பரிசோதனையினின்று 2018-இல் விலக்களித்தனர். சட்டம் விலக்களித்தது மெய்யே; ஆயினும் சரிவான சாலை யாருக்கும் விலக்களிப்பதில்லை. பரிசோதகர் இல்லாத இடத்தில் உடையவனே தனக்குப் பரிசோதகனாதல் வேண்டும். சாலையிற் செல்லும் குழந்தையின் உயிர் அவன் பிரேக்கை நம்பியிருக்கின்றது அன்றோ?

3. உடலும் துருவும்

முன்னோனாகிய எம்.ஜி.ஏ. வண்டியில் இரும்புச் சட்டம் தனி, அதன்மேல் ஏற்றிய உடல் தனி. எம்.ஜி.பி.யிலோ உடலே சட்டமாகவும் நிற்கின்றது. கூரையில்லாத வண்டியில் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் வளையாது பிணைப்பவற்றுள் தலையாயவை, கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீண்டு செல்லும் உள்ளீடற்ற இரும்புப் பெட்டிகள். நீரும் சேறும் இவற்றுள் தங்கின் உள்ளிருந்தே துருப்பற்றும். வெளியே சாயம் பளபளக்க உள்ளே இரும்பு உதிரும் வண்டி வெள்ளையடித்த கல்லறையே ஆம். அவ்விடத்தைப் பட்டியிட்டு மூடிச் சாயம் பூசி விற்பாரும் உளர். வாங்குவோன் ஒரு காந்தத்தைக் கொண்டு தடவிப் பார்ப்பானாக. பட்டி கனத்திருக்கும் இடத்தில் காந்தம் பற்றாது. கதவின் முன்னும் பின்னுமுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒத்திருக்கின்றதா எனவும் நோக்குக. ஒவ்வாதிருப்பின் உடல் வளைந்திருத்தல் கூடும்.

துருவேறிய பாகத்தை வெட்டியெறிந்து புதுத்தகடு பற்றவைத்தலே மெய்யான பரிகாரம். வெட்டுமுன் வண்டியைக் கீழிருந்து தக்கபடி தாங்கி நிறுத்தாவிடில், நடுப்பாகம் தொய்ந்து, பிறகு கதவுகள் மூடமாட்டா. வராது தடுத்தலோ எளிது: நீர் வடியும் துவாரங்களை அடைப்பின்றி வைத்தல், உட்புழைகளில் மெழுகு கலந்த எண்ணெய் தெளித்தல், நனைந்த வண்டியைக் காற்றோட்டமில்லாத கொட்டகையில் அடைக்காமை.

4. யந்திரம்

பழுதின்றி இயங்கும் எம்.ஜி.பி. யந்திரம் வேண்டுவன சிலவே. வால்வுக்கும் அதனை அழுத்தும் ராக்கருக்கும் இடையே சுமார் 0.015 அங்குல இடைவெளி இருத்தல் வேண்டும். இடைவெளி சிறிது மிகுந்தால் டிக்டிக் என்னும் ஓசை எழும், தீங்கு அதிகமில்லை. மிகக் குறைந்தாலோ ஓசை அடங்கும். ஆனால் வெப்பத்தால் வால்வு நீண்டு முற்றும் மூடாது நிற்க, எரிவாயு அதன் விளிம்பைச் சுட்டுத் தின்னும். ஆதலின் இவ்யந்திரத்தில் சிறு முணுமுணுப்பு நலத்திற்கு அறிகுறி; மிகுந்த மௌனமோ சந்தேகத்திற்குரியது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுவன இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர்கள். யந்திரம் காற்றை இழுக்கும் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் உயர்ந்து வழியை அகலமாக்கும். அதனோடு இணைந்த கூரிய ஊசியும் உயர்ந்து அதற்குத் தக்க பெட்ரோலை விடும். பிஸ்டன் திடீரென்று எழாதபடி தடுக்க அதன் தலையில் சிறிது எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெய் வற்றினால் வேகத்தை மிதிக்கும்போது யந்திரம் திக்கும். வெளியே அனுப்பிப் பணம் செலவழிக்குமுன் மூடியைத் திறந்து சில துளி எண்ணெய் விட்டுப் பார்த்தல் நன்று. அடுத்து, இரண்டு கார்ப்பரேட்டர்களும் ஒத்த அளவில் காற்றை இழுக்கின்றனவா என்பதை, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையை அவற்றின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எழும் ஓசையை ஒப்பிட்டே அறியலாம்.

காலமாறுதலால் வந்த இடர்கள் மூன்று. முன்னாட் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது வால்வின் பீடம் தேயாது காத்தது. நச்சுப் பொருளாதலின் அத்தகைய பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 1999 முடிவோடு நின்றது. ஆதலால் தலைப்பாகத்தைக் கழற்றும் சமயத்தில் கடின உலோகப் பீடங்களை அமைத்துக்கொள்ளுதல் தக்கது. இரண்டாவது, 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டுச் சாதாரணப் பெட்ரோலில் எதனால் என்னும் சாராயம் 10 விழுக்காடு வரை சேர்கின்றது. அது பழைய ரப்பரைக் கெடுக்குமாதலின், அதனைத் தாங்கும் புதுக் குழாய்கள் இடுதல் வேண்டும். மூன்றாவது, இக்காலத்துச் சில எண்ணெய்களில், புகையைச் சுத்திகரிக்கும் கருவியைக் காக்கும் பொருட்டு, துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புப் பொருளைக் குறைத்துள்ளனர். பழைய யந்திரத்தின் காம் தண்டுக்கு அப்பொருள் அவசியம்; ஆதலின் எண்ணெய் வாங்குமுன் அதனைக் கேட்டறிந்து வாங்குக.

5. மின்சாரம்

1967 வரையிலான வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டது. அதன்பின் எதிர்முனை இணைக்கப்படலாயிற்று. இதனை அறியாது பாட்டரியைத் தலைமாற்றி இணைப்பவன், புதிதாய்ச் சேர்த்த நுண்கருவிகளை நொடியில் இழப்பான். விளக்கு மங்குதல், யந்திரம் கிளம்பாமை முதலிய நோய்களுட் பெரும்பாலானவற்றுக்கு மூலம் பெருங்கருவிகளில் இல்லை. கம்பி உடலைத் தொடும் இடத்திற் படிந்த துருவிலேயே உளது. அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக முடுக்கினால் நோய் தீரும். 1974 வரை இரண்டு ஆறு வோல்ட் பாட்டரிகள் ஆசனங்களுக்குப் பின்னே, தளத்தின் அடியில் இருந்தன. கண்ணிற் படாத பொருள் கருத்திலும் படாது. ஆதலின் அவற்றை நோக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

6. திருத்தமும் சிதைவும்

நிற்க. பழைய வண்டியில் புதுமை புகுத்தலாமோ என்பது பெருவழக்கு. ஒன்றையும் மாற்றலாகாது என்பார் ஒருசாரார். எல்லாம் மாற்றலாம் என்பார் மற்றொருசாரார். நடுவுநிலையில் நின்று நோக்குவார்க்கு மூன்று கேள்விகள் போதும். இம்மாறுதல் உயிர்க்குக் காவலாகுமா? வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப இயலுமா? ஓர் உறுப்பை வலியதாக்குவதால் அதனை அடுத்த உறுப்பு நலியாதா?

ஆசனப் பட்டி, பிரகாசமான முன்விளக்கு, இரட்டைச் சுற்றுப் பிரேக்கு என்பன முதற் கேள்வியிலேயே தேறும். கான்டாக்ட் பாயின்டுக்குப் பதிலாக வைக்கும் எலக்ட்ரானிக் கருவி இரண்டாவதில் தேறும். பழைய பாகத்தைப் பெட்டியிலிட்டுப் பத்திரப்படுத்தின் ஒரு மணி நேரத்தில் மீளலாம். யந்திரத்தின் சக்தியை மட்டும் மிகுத்தலோ மூன்றாவதில் தவறும். கிளட்சு, கியர்ப்பெட்டி, பிரேக்கு ஆகிய யாவும் அச்சுமையைத் தாங்க வேண்டும்.

சில கேள்விகளுக்கு விடை எளிதன்று. 1974-இன் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டத்திற்கு இணங்கும் பொருட்டுத் தொழிற்சாலையாரே வண்டியைச் சிறிது உயர்த்திக் கரிய ரப்பர் மோதுதாங்கிகளைப் பொருத்தினர். அவற்றை அகற்றிப் பழைய குரோமியத் தாங்கிகளை இடுவோர் பலர். அழகு கூடுகின்றது, ஆனால் வண்டி தன் பிறப்பை மறைக்கின்றது. அன்றியும், 1988 முதல் 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்' என்னும் நிறுவனத்தார் பழைய அச்சுக்களைக் கொண்டே முழு உடலையும் புதிதாய்ச் செய்து விற்கலாயினர். உடல் புதிது, பாகங்கள் பழையன எனின், அது பழைய வண்டியா, புதிய வண்டியா? எமது கருத்து யாதெனின், மாற்றியதை மறைத்தலே குற்றம், மாற்றுதல் குற்றமன்று. செய்தவை அனைத்தையும் தேதியோடு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பானாயின், அவன் வண்டியிடத்தும் அதனைப் பின்னர் வாங்குவோனிடத்தும் உண்மையுடையவனாவான்.

7. அநுபவித்தல்

இத்தனையும் கேட்டபின், இஃது இன்பமோ துன்பமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்து, கூரையை மடித்துவிட்டு, வளைந்த நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 50 மைலில் செல்வோனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி, விரைவான புதுவண்டியில் நெடுஞ்சாலையிற் செல்வோனுக்கு எளிதிற் கிட்டுவதன்று. சாலையின் மேடுபள்ளம் கையிலும், யந்திரத்தின் நிலை காதிலும் நேரே வந்து சேர்கின்றன. 1967 வரையிலான வண்டிகளில், ஓடும்போது முதற் கியருக்கு ஓசையின்றி மாற்ற வேண்டின், கிளட்சை இருமுறை மிதித்து யந்திரத்தின் வேகத்தைச் செவியால் அளந்து சேர்க்க வேண்டும். அத்திறமை கைவந்த நாளில் உண்டாகும் களிப்பு விலைக்கு வாங்கக் கூடியதன்று.

மேலும், ஓட்டுதலே பேணுதலும் ஆகும். துணி போர்த்து நிறுத்திவைத்த வண்டியில் பிரேக்கு இறுகும், ரப்பர் உலரும், பெட்ரோல் கெடும், பாட்டரி சாகும். மாதம் இருமுறையேனும் நன்கு சூடேறும்வரை ஓட்டுவோனது வண்டியே நெடுநாள் வாழும். பேணுதற்கென்று அடைத்து வைப்பதும், இன்பத்திற்கென்று வதைப்பதும் ஆகிய இரண்டும் பிழை.

முடிவாக ஒன்று. 1962-இல் செய்த வண்டி அறுபதாண்டைக் கடந்துவிட்டது. அதற்குப் பல உடையவர் இருந்திருப்பர்; இனியும் பலர் வருவர். ஆகவே இன்று அதன் சாவியை வைத்திருப்பவன் அதற்கு முழு உரிமையாளன் அல்லன். சில காலம் நம்பி ஒப்படைக்கப்பட்ட உக்கிராணக்காரனே. பெற்றதிலும் சிறிது நலமாக, மறைவின்றி, ஓடும் நிலையில் அடுத்தவன் கையில் ஒப்புவித்தலே அவன் கடன். எம்.ஜி.பி. வண்டியைக் கண்ணாலும் காணாத மாணவரும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கருவி எதுவாயினும், இக்கடனை நினைவிற் கொள்வாராக.