உறுபொருளா, பிறர்பொருளா? புதையல் தேடல் புதினங்கள் மூன்றன் வாசிப்பு

முன்னுரை

புதையல் தேடிச் செல்லும் சாகசப் புதினங்கள் பெரும்பாலும் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு வாசிப்பாகவே கருதப்படுகின்றன. வரைபடம், மறைகுறி, பயணம், இடர், கண்டடைதல் என்னும் கூறுகள் இவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. புதையல் எங்கே உள்ளது என்னும் வினாவே கதையை நகர்த்துகிறது. அது யாருடையது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இவ்விரண்டாம் வினாவை முன்வைத்து மூன்று புதினங்களை ஒப்பிட்டு, ஒப்பிலக்கிய மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுபொருள் என்னும் அளவுகோல்

திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் வேந்தனுக்குரிய பொருளை உறுபொருள், உல்குபொருள், தெறுபொருள் என மூவகைப்படுத்துகிறது (குறள் 756). உடையவர் இன்மையால் தானே வந்து சேர்வது உறுபொருள் என்பது பரிமேலழகர் உரை. புதைத்தவர் இறந்தபின் நெடுங்காலம் நிலத்தில் கிடந்து கண்டெடுக்கப்படும் பொருளையும் அவர் இதனுள் அடக்குகிறார். தெறுபொருள் என்பது பகைவரை வென்று திறையாகக் கொள்வது. வலிமையால் பிறரிடமிருந்து பெற்ற பொருள் என்னும் விரிந்த நிலையில் அச்சொல் இங்குக் கையாளப்படுகிறது. தெறுபொருளை உறுபொருளாகத் தோன்றச் செய்வதே புதையல் புதினத்தின் அடிப்படை உத்தி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

புதையல் தீவு

இராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1881–82இல் சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து, 1883இல் நூலாயிற்று. ஒரு தீவின் வரைபடத்தை வரைந்த பின்னரே அதற்குரிய கதையை ஸ்டீவன்சன் எழுதத் தொடங்கினார். கடற்கொள்ளையன் பிளின்ட் புதைத்த செல்வத்தின் மதிப்பு 7 இலட்சம் பவுண்டு. புதைக்க உடன் சென்ற அறுவரையும் அவன் கொன்றான். அவர்களுள் ஒருவனது எலும்புக்கூடு திசைகாட்டியாகக் கிடத்தப்பட்டுள்ளது. வரைபடம் காட்டிய குழியோ வெறுமையாகக் கிடக்கிறது. பென் கன் என்பவன் முன்னரே பொருளைக் குகைக்கு மாற்றிவிட்டான். இறுதியில் சிறுவன் ஜிம் பல நாட்டு நாணயங்களை வகைபிரிக்கிறான். அச்செல்வத்தைத் திரட்ட எத்தனை உயிர்கள் மாய்ந்திருக்கும் என்றும் அவன் எண்ணுகிறான். நாணயங்கள் அவற்றை இழந்த நாடுகளைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆயினும் பொருளை மீட்டளிக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. தெறுபொருள் என அறிந்தும் உறுபொருளாகப் பங்கிடுவதே இப்புதினத்தின் அறச்சிக்கல்.

சாலமன் மன்னரின் சுரங்கங்கள்

ரைடர் ஹேகர்டின் இப்புதினம் 1885இல் வெளிவந்தது. ஆசிரியர், 1877இல் டிரான்ஸ்வால் பிரித்தானிய ஆட்சியுடன் இணைக்கப்பட்டபோது அப்பணியில் உடனிருந்தவர். கதையில் வைரச் சுரங்கம் குக்குவானா மக்களின் நிலத்தில் உள்ளது. ஆனால் அதன் உருவாக்கம் பழங்கால அயலவனான சாலமனுக்கு ஏற்றப்படுகிறது. உடையவரைத் தொல்பழங்காலத்துக்குத் தள்ளும் இவ்வுத்தி, வாழும் மக்களின் உரிமையை மறைத்து வைரங்களை உறுபொருளாக்குகிறது. எனினும் கதையின் முடிவு இதற்கு முரணாக அமைகிறது. கருவூல அறையில் சிக்கி மீளும் குவாட்டர்மெயின், சட்டைப்பைகளில் அடங்கிய வைரங்களை மட்டுமே கொண்டுவருகிறார். மன்னன் இக்னோசியோ வேறு வெள்ளையர் தன் நாட்டுக்குள் வரலாகாது எனத் தடைவிதிக்கிறான். மறைக்கப்பட்ட உரிமைக்குரல் இங்கு ஒலிக்கிறது.

சந்தேர் பஹார்

‘பதேர் பாஞ்சாலி’ ஆசிரியர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘சந்தேர் பஹார்’ 1937இல் வங்கமொழியில் நூலாக வெளிவந்தது. ஆப்பிரிக்காவுக்குச் சென்றிராத ஆசிரியர் நூலறிவைக் கொண்டு அந்நிலத்தைப் படைத்தார். உகாண்டா இரயில்பாதையில் பணியேற்கும் வங்க இளைஞன் சங்கர், போர்த்துக்கீசியரான ஆல்வாரெஸுடன் வைரம் தேடிச் செல்கிறான். இருண்ட குகையில் வழிதவறி, கையில் அகப்பட்ட கற்களை வழியடையாளமாக இட்டு வெளியேறுகிறான். அவை பட்டைதீட்டாத வைரங்கள் என்பதைப் பின்னரே அறிகிறான். பிளின்ட் மனித எலும்பைத் திசைகாட்டியாக்கினான். சங்கருக்கு வைரமே திசைகாட்டியாயிற்று. பொருளின் மதிப்பு தேவையைப் பொறுத்தது என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. ஆனால் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட நாட்டின் எழுத்தாளர் படைத்த இக்கதையிலும், குகைச் செல்வத்துக்கு உரிமை கோரும் ஆப்பிரிக்கர் எவருமில்லை. அங்குக் காவலாக நிற்பது ஒரு கொடிய விலங்கே. ஆளப்பட்டவரின் கற்பனையும் ஆண்டவரின் கதைமரபை முற்றிலும் விலக்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மூன்று புதினங்களையும் காலவரிசையில் வாசிப்பது பயன்தரும். முதலாவது பொருளின் குருதிக்கறையை ஒப்புக்கொண்டும் பங்கிடுகிறது. இரண்டாவது உடையவரை மறைத்து, இறுதியில் பேசவிடுகிறது. மூன்றாவது தேடுபவரை மாற்றியும் உடையவரைக் காட்டவில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுப்பவர் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. உரிமை கோருவோரை அறிவிப்பின் வழி அழைக்கும் முறையும் அதில் உண்டு. சட்டம் கேட்ட இவ்வினாவைப் புனைகதை தவிர்த்தது ஏன் என்பது மேலாய்வுக்கு உரியது. தமிழ்ச் சாகசப் புதினங்களையும் உறுபொருள், தெறுபொருள் என்னும் இவ்வளவுகோலால் ஆராயலாம்.