வெப்சைட் திறக்கும் முன்னால்: சாவி யார் கையில்?



நம் கூட்டமைப்புக்குப் புதிய வெப்சைட் தயாராகிக்கொண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். போன செயற்குழுவில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு அக்கா கேட்டார்: "வெப்சைட் வந்துட்டா நம்ம புளி எல்லாம் வித்துடுமா மேடம்?"

விற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சந்தையில் இடம் பிடித்துக் கூடையை இறக்கி வைத்தால் மட்டும் சரக்கு விற்றுவிடுமா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் திறந்தால், இருக்கிற நல்ல பெயரும் போய்விடும். எங்களுக்கு ஒரு முறை அப்படிப் போயிருக்கிறது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம். வழக்கம்போலக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

வெப்சைட் என்பது என்ன?

ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு பெயர்ப் பலகை வேண்டும், கடை வைக்க இடம் வேண்டும், உள்ளே சரக்கு வேண்டும். வெப்சைட்டுக்கும் அதே மூன்றுதான். டாட் காம், டாட் இன் என்று முடிகிற முகவரி இருக்கிறதே, அதுதான் பெயர்ப் பலகை. நம் எழுத்தும் படமும் எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன, அதுதான் இடம். நாம் எழுதிப் போடுகிற விவரம்தான் சரக்கு.

இதில் பெயரும் இடமும் வாடகைக்குத்தான் கிடைக்கும். பெயரைக் குறைந்தது 1 வருடத்துக்கும், அதிகமாகப் போனால் 10 வருடத்துக்கும் எடுக்கலாம். காலம் முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டாவிட்டால் கொஞ்ச நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதற்கும் பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "நாங்க இத்தனை வருஷமா வச்சிருந்தோம்" என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை.

எங்களுக்கு நடந்தது

சில வருடங்களுக்கு முன்னால், வேறொரு வட்டாரத்தில் வேலை செய்தபோது, அங்குள்ள குழுக்களுக்கு ஒரு வெப்சைட் செய்தோம். டவுனில் கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவர் இலவசமாகவே செய்து தந்தார். நல்ல பையன், இன்றும் அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அவருடைய மெயில் ஐடி, அவருடைய போன் நம்பர், அவருடைய கார்டு ஆகியவற்றை வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தார். நாங்களும் "வேலை முடிஞ்சா சரி" என்று இருந்துவிட்டோம். தர்மபுரிப் பக்கம் புளிக்குக் கேட்கவா வேண்டும்? பாக்கெட் லேபிளில் வெப்சைட் பெயரைப் பெரிதாக அச்சடித்தோம். லேபிளை மொத்தமாக அடித்தால் விலை குறையும் என்று இரண்டு வருடத்துக்கு ஆகும் அளவுக்கு அடித்து வைத்தோம்.

அடுத்த வருடம் அந்தத் தம்பி வெளியூர் வேலைக்குப் போனார், போன் நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பெல்லாம் அவருடைய பழைய மெயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தேதி தெரியாது. ஒரு நாள் சென்னையிலிருந்து புளி வாங்குகிற ஒருவர் போன் செய்தார்: "என்னங்க, உங்க பேரைத் தட்டினா சீட்டாட்ட விளம்பரம் வருது?" பார்த்தால் உண்மைதான். பெயரை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த லேபிள் ஒட்டிய பாக்கெட் கடைகளில் இருக்கிறது, குடோனில் அடுக்கியும் இருக்கிறது. குழுப் பெண்கள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த வரியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இத்தனைக்கும் 1989-ல் தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியதே பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். குழு என்றால் பெட்டி ஒருவர் வீட்டில், சாவி வேறொருவர் வீட்டில் என்பது உங்களுக்கு அன்றிலிருந்தே தெரிந்த பாடம். உங்களுக்கு அதைச் சொல்லித்தந்த நாங்கள்தான், வெப்சைட் என்றதும் மறந்துபோனோம்.

இந்த முறை என்ன செய்கிறோம்?

பெயர் நம் கூட்டமைப்பின் பதிவுப் பெயரிலேயே எடுக்கப்படுகிறது. வெப்சைட் செய்து தருகிறவர் பேரில் இல்லை. எங்கள் தொண்டு நிறுவனத்தின் பேரிலும் இல்லை. இதில் எங்களையும் நம்பாதீர்கள், நாங்கள் நாளைக்கு மாற்றலாகிப் போகிறவர்கள். வீடு கட்டித் தந்தார் என்பதற்காக மேஸ்திரி பேரில் பட்டா எழுதுவோமா?

கூட்டமைப்புக்கு என்று தனி மெயில் ஐடி தொடங்கியாயிற்று. ஓடிபி வருவதற்கு அலுவலக போனில் உள்ள கூட்டமைப்பு சிம்மைக் கொடுத்திருக்கிறோம். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தவறினால் எல்லாம் தவறும், கணக்காளர் கவனிக்க வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, தலைவியும் செயலாளரும் மேலே கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியையும் தொகையையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நிர்வாகிகள் மாறும்போது பெட்டி, நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப் ஒப்படைக்கிற பட்டியலில் இதையும் சேர்த்துப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பில் கூட்டமைப்பு பேரில்தான் வர வேண்டும். பில் இல்லாமல் "நான் பாத்துக்கறேன் விடுங்க" என்று யாராவது சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

"என் கதையை எங்கிட்ட படிச்சுக் காட்டினீங்களா?"

இதுதான் எங்களைத் தூங்கவிடாத விஷயம்.

வெப்சைட்டில் 'சாதனைப் பெண்கள்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தோம். உறுப்பினர்களின் படம், பெயர், ஊர், வாங்கிய கடன், வாங்கிய மாடு எல்லாம் போட்டு எழுதியிருந்தோம். திறப்பதற்கு முன்னால் ஒரு முறை குழுவில் காட்டுவோம் என்று போனை எடுத்துக்கொண்டு போனோம். எல்லாரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பேசவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மெதுவாகக் கேட்டார்: "குடிகாரப் புருஷன்னு எழுதியிருக்கீங்களே... என் கதையை எங்கிட்ட படிச்சுக் காட்டினீங்களா?"

காட்டவில்லை. எப்போதோ களப்பணியில் போனபோது மனம்விட்டுச் சொன்னதை, அறிக்கைக்காக எழுதி வைத்திருந்தோம். அதையே எடுத்துப் போட்டுவிட்டோம். அவர் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவரோ குடியை விட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொண்டு நிறுவனத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கஷ்டத்தைக் கொஞ்சம் அழுத்தி எழுதினால்தான் வளர்ச்சி தெரியும் என்று நினைப்போம். அறிக்கையைப் படிப்பவர் நாலு பேர். வெப்சைட்டை மாப்பிள்ளை வீட்டாரும் படிப்பார்கள். ஒரு முறை வெளியே போனதை நாம் அழித்தாலும், யாராவது போனில் படம் பிடித்து வைத்திருந்தால் அது அங்கேதான் இருக்கும்.

அன்றே அந்தப் பக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டோம். இனிமேல் யாருடைய படமோ கதையோ போடுவதானால், எழுதியதை அவரிடம் வரிவரியாகப் படித்துக் காட்டுவோம். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போடுவோம். குழுவின் நடுவில் கேட்க மாட்டோம். பத்துப் பேர் முன்னால் கேட்டால் நம் பெண்களுக்கு "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது, தனியாகத்தான் கேட்க வேண்டும். பிறகு மனம் மாறினாலும் சொல்லலாம், எடுத்துவிடுவோம். இது எங்கள் தயவு இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை என்று சொல்கிறது. 18 வயது நிறையாத பிள்ளைகளின் விவரம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

உறுப்பினர்களின் சொந்த போன் நம்பர் எதுவும் வெப்சைட்டில் வராது, கூட்டமைப்பு நம்பர் மட்டும்தான். குழுவின் பேங்க் பாஸ்புக் பக்கம், ஆதார் நகல் ஆகியவற்றையும் போடக்கூடாது. "நம்பிக்கை வரும்" என்று ஒரு குழு பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பியிருந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சரக்கைப் பற்றி

வெப்சைட் செய்கிறவர் அழகுக்காக எங்கிருந்தோ ஒரு புளிப் படத்தை எடுத்துப் போட்டிருந்தார். பொன் நிறத்தில், நரம்பே இல்லாமல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது நம் புளி இல்லையே! மாசி, பங்குனியில் உலுக்கிய புதுப் புளி ஒரு நிறம், வருடம் தாண்டிக் கறுத்த பழம்புளி வேறு நிறம். இரண்டையும் நம் வீட்டுத் திண்ணையில் வைத்து, காலை வெயிலில் படம் எடுங்கள். அதைத்தான் போடுவோம். கொட்டை நீக்கியதா, நீக்காததா என்றும் எழுத வேண்டும்.

பாக்கெட்டில் என்ன போடுகிறோமோ அது வெப்சைட்டிலும் இருக்க வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயரும் முகவரியும் முக்கியம். பொட்டலப் பொருள் விதிகளின்படி, 2018 ஜனவரி முதல் இணையத்தில் விற்பவர்களும் இதைக் காட்டியாக வேண்டும். சாமை, கேழ்வரகு மாவு, அப்பளம், புளி எல்லாம் உணவுப் பொருள். ஆகவே உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க எண்ணும் வேண்டும். எண் வாங்காத குழுக்களின் பொருளை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எண் வந்ததும் சேர்க்கிறோம்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஏற்றினால் பாதி போன்களில் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

உங்கள் போனில் பார்த்தபிறகுதான் திறப்பு

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லா வெப்சைட்டும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் சோதனையை ஊரில் வைத்தோம். மலையடிவார ஊர் ஒன்றில், சிக்னல் ஒரு கோடு மட்டும் வருகிற இடத்தில், ஒரு உறுப்பினரின் பழைய போனில் திறந்து பார்க்கச் சொன்னோம். "1 கிலோ புளி என்ன விலைன்னு கண்டுபிடிங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தோம். பேசாமல் உட்காருவதுதான் கஷ்டம், "அங்க தொடுங்க, இங்க தொடுங்க" என்று வாய் துடிக்கும்! படம் வருவதற்கே வெகுநேரம் ஆனது. வந்த பிறகு விலை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. வேறொரு போனில் 'பாதுகாப்பானது இல்லை' என்று எச்சரிக்கை வந்தது. படங்கள் போனில் எடுத்தபடியே பெரிய அளவில் இருந்தன, அவற்றைச் சுருக்கச் சொல்லிவிட்டோம். விலையை முதல் பக்கத்துக்கே கொண்டுவரச் சொன்னோம். அந்த எச்சரிக்கை வராமல் இருக்க ஒரு பாதுகாப்புச் சான்று போட வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது, அதற்குத் தனிப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

நம்பர் வெளியே தெரிந்ததும் ஏமாற்றுக்காரர்களும் கூப்பிடுவார்கள். "ராணுவ கேம்ப்பிலிருந்து பேசறோம், 50 கிலோ வேணும், முன்பணம் அனுப்பறோம், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பணம் வாங்க எந்தப் பின்னும் வேண்டாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

திறப்பு விழா எப்போது என்று பலர் கேட்கிறீர்கள். தேதியை முதலில் வைத்துவிட்டு, பந்தல் போட்டபிறகு வேலையை முடிக்க ஓடுவதில் எங்களுக்கு விருப்பம் இல்லை. முதலில் இரண்டு வாரம் நம் உறுப்பினர்கள் மட்டும் பார்க்கட்டும். நாலு சொந்தக்காரர்களை ஆர்டர் போடச் சொல்லி, போனை யார் எடுக்கிறார், தபாலில் பார்சல் எத்தனை நாளில் போகிறது என்று பார்ப்போம். பிறகு பெரியவர்களைக் கூப்பிட்டு விழா வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்து முடித்ததும் ஒவ்வொரு குழுவும் பேசித் தீர்மான நோட்டில் எழுத வேண்டியவை: உங்கள் குழுவின் எந்தப் பொருள் வெப்சைட்டில் வர வேண்டும்? மாதம் எத்தனை கிலோ தடையில்லாமல் தர முடியும்? கூடுதலாக எழுதாதீர்கள், முடிந்ததை மட்டும் எழுதுங்கள். படம் வேண்டாம் என்பவர்கள் பெயரை நோட்டில் எழுத வேண்டாம், எங்களிடம் தனியாகச் சொன்னால் போதும். தீர்மான நகலைப் பிரதிநிதி வழியாக அடுத்த பொதுக்குழுவுக்குள் அனுப்புங்கள்.

அந்தச் சகோதரி போன வாரம் எங்களைக் கூப்பிட்டார். அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். மொத்தம் ஆறு வரி. எந்தக் கடையில் புளி எடை குறைத்தார்கள், எப்படிச் சண்டை போட்டுச் சொந்தமாகத் தராசு வாங்கினார் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. கடைப் பெயரை நாங்கள்தான் எடுத்துவிட்டோம், அதற்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.