ஜீப்பின் முனகலும் இயற்பியலும்

– பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

அதிர்வு பற்றிய பாடத்தைத் தேர்வுக்காகவே படித்தவன் நான். அது எங்கள் வீட்டுச் சோற்றோடும் தொடர்புடையது என்பதைச் சென்ற தை மாதத்தில்தான் அறிந்தேன். அந்த அனுபவத்தைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு நெற்பண்ணையில் ஜீப்பு ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அடைமழைக் காலத்தில் எங்கள் ஆற்றங்கரைத் தடங்கள் களிச்சேறாகிவிடும். அப்போது உரமூட்டைகளை வயலோரம் சேர்க்க, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிதான் உதவும்.

மழை ஓய்ந்து, தையில் தஞ்சாவூர்த் தார்ச்சாலையில் ஓடியபோது அந்த ஜீப்பு முனகத் தொடங்கியது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காலடித் தகடே அதிர்ந்தது. ஒரு பட்டறையில், "கிரவுன் பினியன் போய்விட்டது" என்றார்கள். முரட்டுத்தனமாக ஓட்டியதால் வந்த கோளாறு என்று முதலாளி கருதினார். செலவைச் சம்பளத்தில் பிடிப்பதாகவும் சொல்லிவிட்டார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

வண்டியின் அமைப்பு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக 1941 முதல் பெருமளவில் செய்யப்பட்ட வண்டி ஜீப்பு. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் இதைப் பூட்டத் தொடங்கினர். எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியைக் கடந்து மற்றொரு பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து முன்னுக்கு ஒரு தண்டும் பின்னுக்கு ஒரு தண்டும் செல்கின்றன. மேடுபள்ளத்தில் அச்சு ஏறி இறங்குமாதலால், ஒவ்வொரு தண்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் இணைப்பு உண்டு. அதன் நடுவிலுள்ள கூட்டல் குறி போன்ற துண்டைப் பட்டறையில் 'கிராஸ்' என்பார்கள்.

எண்ணிப் பார்த்தல்

முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிச் சுற்றி, தண்டின் சுற்றுகளை எண்ணினேன். கணக்கு உதைத்தது. ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் தண்டு பாதிதான் சுற்றும், அது டிஃபரன்ஷியலின் குணம் என்று பிறகு விளங்கியது. இரண்டையும் தூக்கிச் சேர்த்துச் சுற்றியபோது, சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தண்டு ஏறத்தாழ 5.4 சுற்றுச் சுற்றியது. கிரவுனுக்கு 43 பற்கள், பினியனுக்கு 8 பற்கள் என்பதோடு இது பொருந்துகிறது.

சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.25 மீட்டர். மணிக்கு 45 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 12.5 மீட்டர். எனவே அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்தரைச் சுற்றும், தண்டு 30 சுற்றும் சுற்றுகின்றன. சக்கரத்தில் கோளாறு என்றால் நொடிக்கு ஐந்தாறு குலுக்கல் வரவேண்டும். தண்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் 30 அதிர்வு. தண்டின் இணைப்பில் குறை என்றால் சுற்றுக்கு இரண்டாக 60. பினியனின் 8 பற்களால் எழும் ஒலி என்றால் 240.

நம் ஆய்வகத்தின் 256 இசைக்கவையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஜீப்பின் முனகல் அதைவிட மிகத் தாழ்ந்தது. எங்கள் தெருவின் மின்மாற்றி 100 அதிர்வெண்ணில் ரீங்கரிக்கிறது. முனகல் அதற்கும் கீழே ஒலித்தது. ஆகவே கிரவுன் பினியன்மேல் சொன்ன பழி நிற்கவில்லை.

விலக்கி விலக்கித் தேடல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓட்ட, நான் அருகில் அமர்ந்தேன். நின்ற நிலையில் எஞ்சினை முடுக்கினோம், முனகல் இல்லை. ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றினோம்; முனகல் போகவில்லை. எனவே எஞ்சின் காரணமன்று. இடமும் வலமும் வளைத்தோம். ஒலி மாறாததால் சக்கர பேரிங்கையும் விட்டோம். நான்கு டயர்களும் ஒரே அளவாக இருந்தன. முன்தண்டைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். முனகல் அப்படியே இருந்தது. பின்தண்டில் ஒட்டிய சேற்றைக் கழுவியும் குறையவில்லை. கிராஸ்களிலும் ஆட்டமில்லை.

எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஹூக் இணைப்பைப் பற்றிய பாடத்தைப் படிக்கச் சொன்னார். சாய்வான இணைப்பின் வழியே சுழலும் தண்டு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். சாய்வு 10 பாகையானால் ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காடு. இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருந்து, சாய்வுகளும் சமமானால், முதல் இணைப்பு செய்த பிழையை இரண்டாவது நேர்செய்துவிடும். கவைகள் விலகினால் நேராகாது. 60 அதிர்வு எஞ்சும். அது தகட்டின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒன்றும் வேகத்தில் முனகல் பெருகும். நாம் படித்த ஒத்ததிர்வு இதுவே.

வீட்டுக்கு ஓடினேன். தண்டின் இரு பாகங்கள் பற்களால் கோத்திருக்கும் இடத்தில் கிரீசைத் துடைத்தேன். இரண்டு அம்புக் குறிகள் தெரிந்தன. அவை நேருக்கு நேர் இல்லை. சில பற்கள் தள்ளியிருந்தன.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. "அது நான் பூட்டுனதுதான் தம்பி" என்றார். ஐப்பசி மழையில், இருட்டில், வயலோரத்தில் கிராஸ் மாற்றியபோது அவரே கோத்தது. சேற்றில் ஊர்ந்த நாட்களில் வண்டி 45ஐத் தொடவே இல்லை; அதனால் முனகவும் இல்லை.

அம்புகளைச் சேர்த்துப் பூட்டினோம். முனகல் நின்றது. செலவு கொஞ்சம் கிரீசுதான்.

"சரியாயிடுச்சே அப்பா, நீங்க பூட்டுனதுன்னு முதலாளிகிட்டச் சொல்ல வேணாம்" என்றேன். என் கணக்கு அவரைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். அது அவர் கையையே காட்டும் என்று எண்ணவில்லை. அப்பா சொன்னார்: "கண்டுபிடிச்சதை மறைக்கறதுக்கா நீ காலேஜ் போறே?"

அவரே போய்ச் சொன்னார். முதலாளி தாமே வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மாதச் சம்பளம் குறையாமல் வந்தது.

நண்பர்களே! உங்கள் வீட்டு மோட்டாரோ மின்விசிறியோ முனகினால், யார்மேல் குற்றம் என்று பேசுமுன் எத்தனை சுற்று, எத்தனை அதிர்வு என்று எண்ணிப் பாருங்கள். வரும் விடை வேண்டியவரைச் சுட்டினாலும் அதை ஏற்க வேண்டும். முதற்பாதியை எனக்குக் கல்லூரி கற்பித்தது. பிற்பாதியைக் கல்லூரி காணாத என் தந்தையார் கற்பித்தார்.